கடலோரக் காவற்கோபுரம் ஒன்றைக் கலைக்கூடமாக்குவது கொழும்பில் இயலுமா?

கேள்வி: அலைவாய் (வெள்ளவத்தை)

சென்ற ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வாழும் என் அக்காவிடம் சென்றிருந்தபோது, அவர் என்னை ஓல்ட்பரோ என்னும் சிறிய கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1948 இல் தொடக்கி வைத்த இசைவிழாவினால் பெயர் பெற்ற ஊர் அது. மணலே இல்லாமல் கூழாங்கற்கள் மட்டும் குவிந்திருக்கும் அந்தக் கரையில், வீடுகளுக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி இரண்டு ஒடுங்கிய கோபுரங்கள் நிற்கின்றன. 19 ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் கடற்றொழிலாளர்கள் போட்டியிடும் இரு குழுக்களாக இருந்தனர். மணற்றிட்டில் ஒரு கப்பல் தட்டினாலோ, துறைக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமென்று அடையாளம் காட்டினாலோ, எந்தக் குழுவின் படகு முதலில் சென்று சேர்கிறதோ அந்தக் குழுவுக்கே கூலியும் மீட்புப் பணமும் கிடைத்தன. அதனால் குழுவுக்கு ஒரு கோபுரம் எழுப்பி, கண் இமைக்காமல் கடலைப் பார்த்திருந்தார்கள்.

அவற்றுள் தெற்கே உள்ள கோபுரம் இன்று ஒரு கலைவெளி. கலைஞர் ஒருவர் சில நாள்கள் அங்கே தங்கி, கடலைப் பார்த்தபடி வேலை செய்து, செய்ததை அந்த இடத்திலேயே வருவோருக்குக் காட்டுகிறார். என்னை நெகிழ வைத்தது அதன் சிறுமைதான். எங்கள் வீட்டுச் சாமியறையை விடச் சற்றே பெரிய ஓர் அறையில், ஓர் யன்னலும் ஒரு மேசையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மாளிகையால் செய்ய முடியாததைச் செய்துவிடலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

நாங்கள் ஆறு பேர். இருவர் ஓவியம் வரைகிறோம், மூவர் எழுதுகிறோம், ஒருவர் ஒலிப்பதிவு செய்கிறார். கொழும்பில் ஒரு மண்டபத்தை மூன்று நாள்களுக்கு வாடகைக்கு எடுப்பதற்கே ஓராண்டுச் சேமிப்புக் கரைந்துவிடுகிறது. அதிலும் குளிரூட்டிய நான்கு வெள்ளைச் சுவர்களுக்குள், கடலோர நகரில் இருக்கிறோம் என்ற நினைவே எழுவதில்லை. கோட்டையிலும் அதனைச் சுற்றியும் பயன்பாடின்றி நிற்கும் பழைய கடலோரக் கோபுரம் எதையாவது இப்படிப் பயன்படுத்த இயலுமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? உப்புக் காற்று படைப்புகளை என்ன செய்யும்? இத்துறைகளில் அனுபவம் உள்ளவர்கள் பொறுமையோடு பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: சுண்ணாம்புச்சாந்து (பழங்கட்டடப் பாதுகாப்புத் துறை)

நீங்கள் கேட்டிருப்பது நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கும் கேள்வி என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையில் கடலைப் பார்ப்பதற்காக எழுந்தவற்றுள் இன்றும் நிமிர்ந்து நிற்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது, சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் நடுவீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். ஆளுநர் சேர் ஹென்றி வோர்டின் மனைவியார் எமிலி எலிசபெத் வோர்ட் வடிவமைத்து, 1857 இல் முடிவுற்ற அக்கோபுரத்தின் உச்சியில், பின்னர் விளக்கும் பொருத்தப்பட்டு அது வெளிச்சவீடாகவும் ஆயிற்று. ஏறத்தாழ 29 மீற்றர் உயரம். 1952 இல் அதன் விளக்கு அணைக்கப்பட்டது. கோபுரம் பழுதடைந்ததனால் அன்று. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் அதனைக் கடலிலிருந்து மறைத்துவிட்டதனால்.

இரண்டாவது, அதற்குப் பதிலாக அதே 1952 இல் சைத்திய வீதியோரம் கடலின் விளிம்பிலேயே கட்டப்பட்ட, நான்கு சிங்கங்கள் அடியில் காவலிருக்கும் வெளிச்சவீடு. சிறுவயதில் அப்பா என்னை அங்கே அழைத்துச் சென்றபோது, கீழே பாறைகளில் மோதும் அலைத்தூறல் முகத்தில் விழும். இன்று அதே இடத்தில் நின்று பார்த்தால், 269 ஹெக்டேயர் கடலை மண்ணிட்டு நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரத்தின் நிலப்பரப்பே கண்ணுக்கு முன்னால் விரிகிறது. 2014 இல் தொடங்கிய அந்த நிரப்புவேலை 2019 இல் நிறைவுற்றது. கொழும்பில் ஒரு கோபுரம் கடலை இழந்ததால் அடுத்ததைக் கட்டினோம். அடுத்ததன் முன்னிருந்த கடலையும் நிலமாக்கினோம். தங்கையே, எந்தக் கோபுரத்தைத் தேர்ந்தாலும், முதலில் அதன் யன்னலிலிருந்து எது தெரிகிறது, இன்னும் இருபது ஆண்டுகளில் எது தெரியும் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். சுவரைப் பிறகு பழுதுபார்க்கலாம். மறைந்த காட்சியை எந்தப் பொறியியலாளராலும் மீட்டுத்தர முடியாது.

இவற்றுள் சைத்திய வீதி வெளிச்சவீடு இன்றும் தொழிற்படுகிறது. துறைமுக அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கின் அடியில் மக்கள் கூடும் நிகழ்ச்சிகளை நடத்த வேண்டாம் என்பதே என் கருத்து. பயன்பாடு தொடரும் ஒரு கட்டடத்துக்கு நாம் புதுப்பயன் தேடத் தேவையில்லை. மணிக்கூட்டுக் கோபுரமோ நடுவீதியில், ஒடுங்கிய படிகளோடு, பாதுகாப்புக் கெடுபிடி மிக்க வட்டாரத்தில் இருக்கிறது. அதன் உள்ளே அறை என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலும் உங்களுக்கு வாய்க்கக்கூடியது, தனியாருக்கோ, ஒரு தேவாலயத்துக்கோ, பழைய வணிக நிறுவனத்துக்கோ உரிய, பெயர் பெறாத ஒரு மேல்மாடி அறையாகவே இருக்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடம் பழைய நினைவுச் சின்னமாகக் கொள்ளப்படும். அதற்குப் பிற்பட்டது நூறு ஆண்டுகளைக் கடந்திருந்தால், வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகப் பிரகடனப்படுத்த இயலும். எதுவாயினும் ஓர் ஆணி அடிப்பதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை நிலப்பக்கமாகக் கரையோர வலயம் என்று வரையறுக்கிறது. அதற்குள் புதிதாக எதையேனும் கட்டவோ நீட்டவோ வேண்டுமானால் அதற்குரிய திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டால் உங்கள் பாதி அலைச்சல் குறையும்.

இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் எழுதியதால் இன்னொன்றையும் சொல்கிறேன். நெப்போலியன் படையெடுப்பான் என்ற அச்சத்தில் 1805 க்கும் 1812 க்கும் இடையே அந்நாட்டின் தெற்கு, கிழக்குக் கரைகளில் மார்ட்டெல்லோ கோபுரங்கள் என்று 103 வட்டக் கோபுரங்களைக் கட்டினார்கள். கோர்சிக்காவின் மோர்ட்டெல்லா முனையில் 1794 இல் இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பீரங்கிகளுக்கு அசையாமல் நின்ற ஒரு சிறு கோபுரமே அவற்றுக்கு முன்மாதிரி. நமது அம்பாந்தோட்டையிலும் அதே இனத்தைச் சேர்ந்த ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. ஓல்ட்பரோவின் தென்புறத்தில் உள்ள மார்ட்டெல்லோவை ஓர் அறக்கட்டளை 1971 இல் எடுத்து, விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பராமரிக்கிறது. ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது எசெக்ஸின் ஜேவிக் கோபுரம். இங்கிலாந்தின் மிக வறிய இடங்களுள் ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கணிக்கப்பட்ட அவ்வூரில், 2005 முதல் அது கலைக்கும் ஊரவர் கூடுகைக்கும் உரிய இடமாக இருக்கிறது. ஓல்ட்பரோவில் பணமும் இசைவிழாவும் ஏற்கெனவே இருந்தன. ஜேவிக்கில் அவை இல்லை. கொழும்பில் தொடங்குவோருக்கு நெருக்கமான பாடம் ஜேவிக்கில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதில் 2: நீர்வண்ணம் (ஓவியர், மருதானை)

மேலே எழுதிய ஐயா கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதனால் பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத்துப் பழைய வீடு ஒன்றில் என் நீர்வண்ண ஓவியங்கள் இருபத்திரண்டினை ஆறு வாரம் தொங்கவிட்டிருந்தோம். சுவருக்குப் புதிதாகச் சீமெந்து பூசி, அதன்மேல் பளபளக்கும் வண்ணமும் அடித்திருந்தார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. மூன்றாம் வாரம் சட்டங்களின் பின்புறத்தில் ஈரம் கோத்துக்கொண்டது. ஐந்தாம் வாரம் தாள்களில் பூஞ்சணம் பிடித்தது. பதினொன்றை நான் இழந்தேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் பளிங்காகிறது. கொழும்பின் காற்றோ பகலுக்கும் இரவுக்கும் இடையில் அந்த எல்லையையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவருக்குள் புகுந்த உப்பு ஒவ்வொரு முறையும் கரைந்து, உறைந்து, உறையும்போது பருத்து, சாந்தை உள்ளிருந்தே உடைக்கிறது. கபுக் எனப்படும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பழைய சுவர் மூச்சுவிடும். ஈரம் வந்த வழியே வெளியேறும். அதன்மேல் சீமெந்தைப் பூசுவது வாயையும் மூக்கையும் பொத்துவதற்குச் சமம். ஆகையால் உங்களுக்கு இடம் தருபவர் “புதுசாகப் பூசித் தருகிறேன்” என்று அன்போடு சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

கோபுர அறையில் தாளில் வரைந்த மூலப்படைப்புகளைத் தொங்கவிட வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றாகிய சோழகம் வீசும் காலத்தில் கண்காட்சியே வேண்டாம். அந்த மாதங்களை எழுதுவதற்கும் ஒலிப்பதிவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலே அப்போது உங்களுக்குக் கிடைக்கும் பெருஞ்செல்வம். டிசெம்பர் முதல் மார்ச் வரை படங்களைக் காட்டலாம், அதுவும் மாலையில் கழற்றிக் கொண்டுபோகக்கூடிய அளவில். சுடுமண், கண்ணாடி, பித்தளை ஆகியவற்றில் வேலை செய்பவர்களை முதலில் அழையுங்கள். இரும்பை விட்டுவிடுங்கள், சட்டத்தின் ஆணிகூடத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

மற்றுமொன்று. கொம்பனித்தெருவின் ரியோ திரையரங்குக் கட்டடத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். தமிழ்க் குடும்பமொன்று 1965 இல் திறந்த அந்தத் திரையரங்கு 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் சமகாலக் கலைவிழா ஒன்று அதே கட்டடத்துக்குள் நடத்தப்பட்டபோது, நான் மாடி மாடியாக ஏறிப் பார்த்தேன். அங்கே எந்த ஓவியமும் தனியாகத் தொங்கவில்லை. ஒவ்வொன்றும் அதன் பின்னிருந்த சுவரோடு சேர்ந்துதான் பேசியது. பழைய கட்டடத்துக்குள் போகும் கலைஞர் அந்தக் கட்டடத்துக்கு என்ன நடந்தது என்பதை அறியாமல் போகக்கூடாது என்பதை அன்று உணர்ந்தேன். நீங்கள் எந்த அறையைப் பெற்றாலும், அங்கே முன்பு நின்று பார்த்தவர் யார், எதைப் பார்த்தார் என்று முதல் மாதம் முழுவதும் விசாரியுங்கள்.

பதில் 3: காக்கைதீவான் (முகத்துவாரம்)

நான் கலைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தகப்பனாரும் அவருடைய தகப்பனாரும் முகத்துவாரத்தில் கடற்றொழில் செய்தவர்கள். நான் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போய், இப்போது முழங்கால் இடங்கொடாமல் கரையில் இருக்கிறேன். பேத்தி இந்த உரையாடலை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

பிள்ளை, அந்த இங்கிலாந்துக் கோபுரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில், படகுக்காரர்கள் கண் இமைக்காமல் பார்த்திருந்தார்கள் என்ற இடத்தில் நான் நிறுத்தச் சொல்லி மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். எங்களுக்குக் கோபுரம் இருக்கவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் இருந்தார்கள். என் அம்மா விடியற்காலையில் திண்ணையில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஆற்றுவாயில் தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறதா, காகங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து, அப்பாவின் வள்ளம் எந்நேரம் திரும்பும் என்று சொல்லுவார். பெரும்பாலும் தவறாது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கடலைப் பார்ப்பது ஒரு வேலை. அது எல்லோருக்கும் வந்துவிடாது. உங்கள் ஆறு பேரும் யன்னலில் உட்கார்ந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. கற்றுத்தர ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தபோது நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். ஏறத்தாழ இரண்டு வாரம் புகை நின்றது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன என்று பிறகு சொன்னார்கள். ஜூன் 2 ஆம் திகதி அது அமிழத் தொடங்கியது. அதற்கு முன்பே வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் வந்து குவிந்துவிட்டன. பேத்தி அவற்றைச் சவ்வரிசி என்று நினைத்துக் கையில் எடுத்தாள். கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டார்கள். தடை எடுக்கப்பட்ட பிறகும் எங்கள் மீனை வாங்க ஆள்கள் பயந்தார்கள். படம் பிடிக்கப் பலர் வந்தார்கள். வந்தவர்கள் எரியும் கப்பலைப் பார்த்தார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒருவரும் வரவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் ஓர் அறை எடுத்துக் கடலைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கடலைப் பற்றி எங்களுக்குக் காட்ட வராதீர்கள். எங்களோடு சேர்ந்து பார்க்க வாருங்கள் என்று கேட்கிறேன். அறையின் வாசல் கடற்கரைப் பக்கமும் திறந்திருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றால் எங்கள் பிள்ளைகள் படியேற மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் தமிழும் சிங்களமும் இருக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் பேசப்படுகின்றன.

பதில் 1 எழுதியவரின் மறுமொழி: சுண்ணாம்புச்சாந்து

முகத்துவாரத்து ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் முதற்பதிலில் நான் காட்சியைப் பற்றி எழுதினேன். பார்ப்பவரைப் பற்றி எழுதத் தவறிவிட்டேன். எமிலி வோர்ட் கோபுரத்தை வடிவமைத்த அதே காலத்தில் அவருடைய கணவர் காலிமுகத்திடல் நடைபாதையை அமைத்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதனைப் பேணும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு, 1859 இல் கல்லிலும் பொறித்து வைத்தார். அந்தக் கல்லை இன்றும் காணலாம். கடலைப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் பொதுவானது என்ற எண்ணம் இந்நகரத்துக்குப் புதிதன்று.

ஆனால் ஒரு விடயத்தில் ஐயாவோடு நான் உடன்படவில்லை. நுழைவுச்சீட்டே கூடாது என்றால் கூரை ஒழுகும்போது யார் பணம் கொடுப்பது? பழங்கட்டடங்கள் பல, நல்லெண்ணம் மிக்கவர்களின் கைகளிலேயே இடிந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். கோட்டையின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 17 ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பொலிஸ் நிலையமாக இருந்தபோது 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமுற்றது. 2011 இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டதனால்தான் இன்று அதன் ஓடுகள் ஒழுங்காக இருக்கின்றன. அங்கே ஒரு தேநீர் அருந்தும் விலையில் முகத்துவாரத்தில் ஒரு குடும்பம் பகலுணவு சாப்பிடலாம் என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். என் யோசனை, கோபுரத்தில் ஏறுவது இலவசமாக இருக்கட்டும். அங்கே தங்கி வேலை செய்யும் கலைஞர் வாரத்துக்கு ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று செலுத்தட்டும். ஒரே படிக்கட்டு உள்ள இடமாயின் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் மேலே அனுமதிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அலைவாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நாங்கள் ஆறு பேரும் கூடி, எல்லாப் பதில்களையும் சத்தமாக வாசித்தோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். எங்கள் ஒலிப்பதிவாளர் ஒரு சொல்லை நினைவூட்டினார். இங்கே நாம் வெளிச்சவீடு என்கிறோம். பழைய தமிழில் அது கலங்கரை விளக்கம். கரைதல் என்றால் அழைத்தல். கலத்தை அழைக்கும் விளக்கு என்று பொருள். பார்ப்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, யாரை அழைக்கப் போகிறோம் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

முகத்துவாரத்து ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். கோபுரம் வேண்டாம். உங்கள் பகுதியில், ஆற்றுவாயும் துறைமுகத்து அலைதடுப்பும் தெரியும் ஒரு மேல்மாடி அறை, ஜனவரியில் ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா? முதல் வாரத்தில் எதையும் காட்சிக்கு வைக்க மாட்டோம். உங்களைப் போன்ற நால்வரோ ஐவரோ மாலையில் வந்து, யன்னலிலிருந்து தெரிவதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒலிப்பதிவும் எழுத்தும் மட்டும் நடக்கும். பதிவானதை வார முடிவில் முதலில் உங்கள் ஒழுங்கையில் போட்டுக் காட்டுவோம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை அழித்துவிடுவோம்.

காக்கைதீவான்

என் மருமகனின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது. வலைகள் வைத்திருக்கிறான், ஒதுக்கித் தரச் சொல்கிறேன். யன்னல் மேற்குப் பக்கம். சுவர் பழைய சுண்ணாம்புதான், பூசவில்லை, ஓவியம் வரையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வாடகையைப் பற்றி நேரில் பேசுவோம்.

மாலையில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மாலையில் சூரியன் கண்ணில் அடிக்கும், ஒன்றும் தெரியாது. காலை நாலரை மணிக்கு வாருங்கள். வள்ளங்களின் விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். எது யாருடைய வள்ளம் என்று நான் சொல்லுகிறேன்.